சென்னையில் மூன்று மாதத்துக்குத் தனி வீடு: வாடகைக்கு மேல் ஆகும் செலவு

மகள் கல்யாணம், மார்கழிக் கச்சேரி, பெற்றோரின் வைத்தியம் என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து மூன்று நான்கு மாதம் தங்குகிறவர்கள் பலர் இப்போது தனி வீடு பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மாத வாடகையை மட்டும் டாலரிலோ சிங்கப்பூர் வெள்ளியிலோ மாற்றிப் பார்த்து, மலிவாக இருக்கிறதே என்று டோக்கன் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) நாவலூர் பக்கம் ஒரு ரோ ஹவுஸ், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று, மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கவென்று ஓனர் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இன்னொரு மாத வாடகை. இரண்டு வருடம் குடியிருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மூன்றே மாதம் தங்கும் உங்களுக்கு 1,20,000 வாடகையோடு 80,000 சேர்ந்து 2 லட்சம். அதாவது மாதம் 66,000க்கும் மேல். அதுவும் வெறும் வீட்டுக்கு. கட்டில், ஃபிரிட்ஜ், கேஸ் எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மெயின்டனன்ஸ் தனியாக இருக்கும். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குவதானால், வாடகை கூடுதலாகத் தெரிந்தாலும் ஃபர்னிஷ்டு வீட்டையே பாருங்கள் என்பேன். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகரில் டிசம்பருக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சபாக்களுக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர்கள் அந்த மாதத்தில் அதிகம்.

அடுத்தது அட்வான்ஸ். பத்து மாத வாடகை கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. தயங்காமல் அதைச் சொல்லியே பேரம் பேசுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு மீதிப் பணத்துக்காக ஓனருக்குப் போன் போடுவது பெரும் பாடு. என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய் வங்கிக் கணக்கு) இருந்தால், பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடலாம்.

சாவி வாங்குகிற அன்றே ஈபி மீட்டரைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நீங்கள் நடுவில் குடிவந்தால் முன்பிருந்தவர் ஓட்டிய யூனிட்டும் அதே பில்லில் வரும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் ரேட் கூடிவிடும். இரண்டு ஏசி ஓடினால் மே மாதத்தில் 500 என்பது சாதாரணம். ஓனர் கீழே இருந்து நீங்கள் மாடியை எடுத்தால், தனி மீட்டரா, ஓனர் வைத்த சப் மீட்டரா என்றும் கேளுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை.

வீடு பார்க்கப் போகும்போது ஹாலில் அதிக நேரம் நிற்காமல் வெளியே வாருங்கள். காம்பவுண்ட் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா? சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடி தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள், அதிலும் வயதானவர்களை வைத்துக்கொண்டு இருப்பவர்கள், தாழ்வான தெருவில் தரைத்தளம் எடுக்கவே வேண்டாம். கோடையில் வருகிறவர்கள் போர் தண்ணீர் வற்றுமா, லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று விசாரியுங்கள். புரோக்கரைவிடத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் இதற்குச் சரியான பதில் சொல்வார்.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருகிறவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதை ஆன்லைனில் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஓனர்களுக்கு இது தெரியாது. பாஸ்போர்ட், விசா நகல்களை நீங்களே கையோடு கொடுத்து, பதிவு செய்த ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.