ராத்திரி போனை அணைத்து வைக்க வேண்டுமா? வாரம் ஒரு ரீஸ்டார்ட் போதும்

தினமும் தூங்கப் போகும் முன் ஸ்மார்ட்போனை ஸ்விட்ச் ஆஃப் செய்ய வேண்டிய தேவை இல்லை. வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பேட்டரி நாள்பட உழைப்பது சார்ஜ் போடும் விதத்தையும் சூட்டையும் பொறுத்தது. ராத்திரி போன் ஆனில் இருந்ததா, ஆஃபில் இருந்ததா என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை.

முதலில் மிச்சமாகும் சார்ஜைப் பார்ப்போம். நல்ல நிலையில் உள்ள போன் சும்மா கிடந்தால் எட்டு மணி நேரத்தில் சில சதவீதம்தான் இறங்கும். படுக்கும்போது 60 இருந்தது காலையில் 40 என்று காட்டினால் ஏதோ கோளாறு இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அணைத்து வைத்தால் அது மறைந்திருக்குமே தவிரப் போகாது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்த ஆப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பாருங்கள். ஆப் எதுவும் பிடிபடவில்லை என்றால் அடுத்த சந்தேகம் சிக்னல் மீது. படுக்கையறையில் ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால் போன் ராத்திரி முழுக்க டவரைத் தேடித் தேடி சார்ஜைச் செலவழிக்கும். அங்கே ஏர்பிளேன் மோடு போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். வைஃபை வழியாகவே அழைப்பு வரச் செய்யும் வைஃபை காலிங் வசதியை முன்பே இயக்கியிருந்தால் அழைப்புகளும் வரும்.

அணைப்பதால் வரும் இழப்பைப் பலர் கவனிப்பதில்லை. ஐபோனின் ஐகிளவுட் பேக்கப், போன் சார்ஜரில் இருந்து, திரை பூட்டப்பட்டு, வைஃபையில் இணைந்திருக்கும்போதுதான் தானாக ஓடும். ஆண்ட்ராய்டிலும் சார்ஜும் வைஃபையும் இருந்து, போன் சும்மா கிடக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பேக்கப் நடக்கும். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தினசரி பேக்கப்பை அதிகாலை 2 மணிக்கு எடுக்கும். பாதுகாப்பு அப்டேட்களும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் ஏறும். சார்ஜர், வைஃபை, சும்மா கிடக்கும் போன் மூன்றும் ஒன்றுசேரும் ஒரே நேரம் பலருக்கு ராத்திரிதான். தினமும் அந்த நேரத்தில் போனை அணைத்துவிட்டு, போன் தொலைந்த அன்று பேக்கப்பைத் தேடினால் கடைசியாகப் பதிவானது எத்தனையோ வாரத்துக்கு முந்தையதாக இருக்கும்.

இன்னொன்று அலாரம். ஐபோன் அணைந்திருந்தால் அலாரம் அடிக்காது. சில ஆண்ட்ராய்டு மாடல்களில் அடிக்கும், பெரும்பாலானவற்றில் அடிக்காது. முக்கியமான காலைப் பயணத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

பேட்டரிக்கு உண்மையில் எது கெடுதல்?

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, முழு சார்ஜில் நீண்ட நேரம் கிடப்பது. 100 சதவீதத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட், புதிய போன்களில் 4.4 வோல்ட் அளவுக்கும் போகும். அந்த உயர்ந்த அழுத்தத்தில் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடந்து, பேட்டரியின் கொள்ளளவு மெல்ல மெல்லக் குறையும். சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். சார்ஜரில் விட்டால் 'ஓவர்சார்ஜ்' ஆகி வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை. நிறைந்ததும் போனுக்குள் இருக்கும் மின்சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். பிறகு கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏற்றும். இப்படி விடியும்வரை உச்சியிலேயே நிற்பதுதான் தேய்மானம்.

அதனால் செய்ய வேண்டியது சார்ஜுக்கு வரம்பு வைப்பது. ஐபோன் 15 முதல் வந்த மாடல்களில் 80 சதவீத வரம்பு வைக்கலாம். அதற்கு முந்தையவற்றில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' இருக்கிறது: 80-ல் நிறுத்தி வைத்து, நீங்கள் எழும் நேரத்தை ஒட்டி மிச்சத்தை ஏற்றும். சாம்சங்கில் 'பேட்டரி ப்ரொடெக்‌ஷன்' என்று தேடுங்கள். அதில் 'மேக்ஸிமம்' 80-ல் நிறுத்தும்; 'பேசிக்' 100 வரை ஏற்றிவிட்டு, 95-க்கு இறங்கும்வரை மறுபடி ஏற்றாது. பிக்சலில் 'அடாப்டிவ் சார்ஜிங்'. இவை எல்லாம் மென்பொருள் செய்யும் வேலை. போனை அணைத்துவிட்டு சார்ஜில் போட்டால் அந்த மென்பொருள் ஓடாது, வரம்பு காக்கும் என்று நம்பி விட முடியாது. பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக அணைத்து வைப்பவர்கள், அதைக் காப்பாற்றும் ஏற்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். அதோடு, அணைந்த ஐபோனை சார்ஜரில் செருகினால் அது தானே ஆன் ஆகிவிடும்.

சூடு விஷயத்தில் நம் ஊருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். ஏசி இல்லாத அறையில் மே மாத ராத்திரி அந்த எல்லையை நெருங்கும். தலையணைக்கு அடியிலோ மெத்தை மீதோ வைத்து சார்ஜ் போட வேண்டாம். மேசை, தரை, ஜன்னல் திண்டு என்று கெட்டியான பரப்பில், காற்று படும்படி வையுங்கள். தடிமனான கவர் இருந்தால் கழற்றுங்கள். ராத்திரி முழுக்க நேரம் இருக்கும்போது ஃபாஸ்ட் சார்ஜிங் எதற்கு? சாம்சங்கில் பேட்டரி செட்டிங்ஸிலேயே அதை அணைக்கலாம். மற்ற போன்களுக்குப் பழைய 5 அல்லது 10 வாட் சார்ஜர் போதும்.

ரீஸ்டார்ட் ஏன், எப்படி?

வாரக்கணக்கில் ஓடும் போனில் சில ஆப்கள் எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்திருக்கும். புளூடூத் இணைவதில் தகராறு, டேட்டா இருந்தும் நெட் வராதது, கீபோர்டு திக்குவது எல்லாம் இப்படி நாள்பட ஓடுவதால் வரலாம். ரீஸ்டார்ட் செய்தால் ரேம் எனும் தற்காலிக நினைவகம் முழுக்கத் துடைக்கப்பட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கும். கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்று பார்க்க ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ் என்று போனால் 'அப் டைம்' இருக்கும்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. பயனர் எதையும் தொடாமலே நுழையும் உளவு மென்பொருள்களில் சில, ரேமில் மட்டும் தங்குபவை. ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும், உளவாளி மறுபடி முதலிலிருந்து தாக்க வேண்டும். வாரம் ஒரு முறை அணைத்துப் போடச் சொன்னது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. 2023 ஜூனில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆன்டனி அல்பனீஸ் ஒரு படி மேலே போய், தினமும் ஐந்து நிமிடம் போனை அணைக்கச் சொன்னார். பத்திரிகையாளர், வழக்கறிஞர், சமூகச் செயற்பாட்டாளர் போன்றோர் அந்தத் தினசரிப் பழக்கத்தைப் பின்பற்றுவது நல்லது. மற்றவர்களுக்கு வாரம் ஒன்று போதும். ஆனால் ஏமாந்து நிறுவிய போலி ஆப்பை ரீஸ்டார்ட் விரட்டாது. அதை நீக்கித்தான் ஆக வேண்டும்.

1. ஹோம் பட்டன் இல்லாத ஐபோன்: பக்கவாட்டு பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ஸ்லைடரை இழுங்கள். அரை நிமிடம் கழித்துப் பக்கவாட்டு பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடியுங்கள்.
2. சாம்சங்: பவர், வால்யூம் டவுன் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மெனு வந்ததும் விடுங்கள், ரீஸ்டார்ட் தொடுங்கள். மெனு வந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் போன் வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகிவிடும்.
3. புதிய பிக்சல்: பவர், வால்யூம் அப்.
4. தானாக நடக்க வேண்டுமானால் சாம்சங்கில் டிவைஸ் கேர் பகுதியில் 'ஆட்டோ ரீஸ்டார்ட்' இருக்கிறது. கிழமையும் நேரமும் குறிக்கலாம். திரை அணைந்து, பேட்டரி 30 சதவீதத்துக்கு மேல் இருந்து, சிம் லாக் இல்லாமல் இருந்தால்தான் நடக்கும். ரெட்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஷெட்யூல்' என்று தட்டிப் பாருங்கள்.

தானியங்கி ரீஸ்டார்ட்டை நடு ராத்திரிக்கு வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ரீஸ்டார்ட் ஆன பிறகு நீங்கள் முதல் முறை பின் நம்பர் போட்டுத் திறக்கும்வரை போனில் உள்ள தகவல்கள் பூட்டியே இருக்கும். அழைப்பு வந்தால் பெயர் வராது, எண் மட்டும்தான் தெரியும். வாட்ஸ்அப் வராது. ஐபோனில் வைஃபைகூட இணையாது. போனோடு வந்த கடிகார ஆப்பின் அலாரம் பெரும்பாலும் அடிக்கும், தனியாக இறக்கிய அலாரம் ஆப்பை நம்ப முடியாது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஞாயிறு மதியம் கையால் ரீஸ்டார்ட் செய்வதே நல்லது. கைரேகையிலேயே பழகிப்போன பெரியவர்களின் போனை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், திறக்கும் பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முதல் முறை திறக்கக் கைரேகை உதவாது. சிம்முக்குத் தனி பின் வைத்திருந்தால் அதையும் கேட்கும். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்க சிம் நிறுவனம் தரும் பியுகே எண்ணைக் கேட்கும்.

தூக்கம் கெடாமல் இருக்க

இதற்காக அணைப்பவர்களே அதிகம். இவர்களுக்கு அழைப்பு, அறிவிப்பு ஒலிகளை அடக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' போதும். இரவு 10 முதல் காலை 6 வரை தானாக இயங்கும்படி வைத்து, வீட்டு நபர்களை மட்டும் விதிவிலக்கில் சேருங்கள். 'ரிப்பீட் காலர்ஸ்' வசதியையும் இயக்குங்கள். ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் மணி அடிக்கும். வயதான பெற்றோர் வேறு ஊரில் இருந்தால் இது அவசியம்; அணைந்த போனுக்கு எத்தனை முறை அழைத்தாலும் பயனில்லை.

அணைத்தே வைக்க வேண்டிய நேரங்கள்

தண்ணீரில் விழுந்த போனை உடனே அணையுங்கள், காய்கிறவரை சார்ஜில் போடாதீர்கள். பேட்டரி உப்பிப் பின்மூடி எழும்பியிருந்தால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம். பழைய போனை மாதக்கணக்கில் பீரோவில் வைப்பதாக இருந்தால் சார்ஜ் 50 சதவீதம் இருக்கும்போது அணைத்து, 32 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மறுபடி 50-க்கு ஏற்றுங்கள். முழுக்க இறங்கிய நிலையில் விட்டால் பேட்டரி மறுபடி சார்ஜ் ஏறாத அளவுக்குச் செத்துப்போகலாம்.