தங்க வேட்டைக்கால நகரப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கத்தால் திடீரெனப் பெருத்த சான் பிரான்சிஸ்கோவைக் காட்டும் பழைய கல்லச்சுப் படங்களை (கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டவற்றை) ஆதாரமாகக் கொள்பவர்கள் செய்யும் பெரிய தவறு, படத்தின் அடியிலுள்ள வெளியீட்டு ஆண்டையே காட்சியின் ஆண்டாக எடுத்துக்கொள்வதாகும். நியூயார்க்கின் என். கரியர் அச்சகம் 1851-இல் வெளியிட்ட நகரக் காட்சியை, அமெரிக்க நில அளவைக் குழுவின் வரைவாளரான மக்மர்ட்ரி டெலிகிராஃப் குன்றின் மீதிருந்து வரைந்தது 1850 ஏப்ரலில். அடுத்த மாதமே, மே 4 அன்று, பெருந்தீ ஒன்று நகரின் நடுப்பகுதியை எரித்தது. அதன் பின்னும் அடுத்தடுத்துப் பெருந்தீக்கள் மூண்டன. ஆகவே படத்தை வாங்கியவர் கண்டவற்றில் பல கட்டடங்கள் அப்போது சாம்பலாகியிருந்தன. இதற்கு நேர்மாறாக, 1846-47-இல் அவ்வூர் எர்பா பூயெனா என்ற சிற்றூராக இருந்ததைக் காட்டும் பெயர்பெற்ற படமோ 1884-இல்தான் வெளிவந்தது. அதை நேரில் பார்த்து வரைந்ததாகக் கொள்ளலாகாது.

துறைமுகத்தில் நெருங்கி நிற்கும் பாய்மரங்களைக் கண்டு வணிகம் கொழித்தது என்று மட்டும் முடிவுகட்டுவதும் தவறு. 1848 ஜனவரியில் கொலோமா என்ற இடத்தில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ணில் தங்கம் பட்ட பிறகு, வந்திறங்கிய மாலுமிகள் பலர் கப்பலை அப்படியே விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு ஓடினர். கைவிடப்பட்ட நயன்டிக் என்ற கப்பல் கரையோரம் இழுக்கப்பட்டுக் கிடங்காகப் பயன்பட்டு, 1851 மே மாதத் தீயில் எரிந்தது; இப்படங்களில் கப்பல் எது, கட்டடம் எது என்று பிரித்துப் பார்க்காமல் எண்ணக்கூடாது. தங்கம் கிடைத்த இடமும் இந்த நகரம் அல்ல, தொலைவிலுள்ள சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரம். நகரம் மண்வெட்டி, மாவு, தங்குமிடம் விற்றே வளர்ந்தது.

வண்ணங்களை நம்பி வீடுகளின் நிறத்தைச் சொல்வது வீண்வேலை, ஏனெனில் அவை பெரும்பாலும் அச்சான பிறகு கையால் தீட்டப்பட்டவை.

வாங்குபவர்கள் தாளின் பழுப்பை வைத்துப் பழமையை மதிப்பிடுகிறார்கள். பழுப்பைச் செயற்கையாகவும் ஏற்றலாம். உருப்பெருக்கியில் பார்த்தால், கல்லில் கொழுப்புப் பசையுள்ள கோலால் வரைந்த படத்தில் ஒழுங்கற்ற மணல்போன்ற துகள்களும், பிற்கால ஆஃப்செட் நகலில் வரிசையான புள்ளிகளும் தெரியும். படச்சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கீழ்விளிம்பை வெட்டிவிட்டால் ஓவியர், அச்சகம், ஆண்டு ஆகிய மூன்றும் போய்விடும். அந்த விளிம்பைச் சரிபார்க்கையில், கரியரின் அச்சகத்தில் ஐவ்ஸ் என்பவர் பங்குதாரரானது 1857-இல்தான் என்பதால், 1851 என்ற ஆண்டோடு 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்ற பெயர் அச்சாகியிருந்தால் அப்படத்தை ஐயுறத்தான் வேண்டும்.