கிரே கூஸ் படகை ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார் தண்டர் என்ற இணையப் போர் விளையாட்டில் பிரிட்டிஷ் கடலோரப் படையைத் தொடங்குகிறவர்கள் சின்னச் சின்ன மரப் படகுகளில் கை பழகி, கொஞ்சம் மேலே ஏறியதும் கிரே கூஸுக்கு வந்து சேருவார்கள். எஸ்ஜிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நீராவிப் பீரங்கிப் படகு இது. விளையாட்டின் நிறுத்துமிடமான ஹேங்கரில் நிறுத்திப் பார்த்தாலே ஆசை வரும். 44 மீட்டர் நீளம், எஃகு உடம்பு, 76 மி.மீ. பீரங்கி ஒன்று, 57 மி.மீ. இரண்டு, இரட்டைக் குழல் 20 மி.மீ. ஓர்லிகன் வேகப் பீரங்கி மூன்று, போதாததற்கு டார்பிடோ இரண்டு. மோட்டார் படகுகள் எல்லாம் இதன் பக்கத்தில் பொம்மை மாதிரி இருக்கும்.

அந்தத் தெம்பில் நேராக நடுக்கடலுக்குப் போய் மூன்று நிமிடத்தில் மூழ்குவதுதான் முதல் வாரத்தில் பலரும் செய்வது. நானும் செய்தேன். ஒரே இரவில் ஆறு ஆட்டம் தொடர்ந்து இப்படிப் போன பிறகுதான், ஏழாவதற்கு முன்னால் எக்ஸ்-ரே பார்வையைத் திறந்து படகின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதை முதலிலேயே பார்க்காதது என் முதல் தவறு. நடுப்பகுதி முழுக்க இயந்திரம். கொதிகலன், டர்பைன், குழாய்கள் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பீரங்கிகளுக்கும் குண்டுகளுக்கும் மிச்ச இடம்.

இந்த அமைப்பு ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் தானாகக் குறையும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் எஸ்-போட்கள் என்ற வேக டார்பிடோ படகுகள் டீசல் எஞ்சினில் ஓடின. பிரிட்டனிடம் அதற்கு இணையான டீசல் எஞ்சின் இல்லை. பெட்ரோல் எஞ்சின் போட்டால் சத்தம், தீப்பிடிக்கும் ஆபத்து. அதனால், பெரிய கப்பலில் இருக்கும் நீராவி டர்பைனைச் சுருக்கிப் படகுக்குள் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 9 படகுகளுக்கு ஆர்டர் போனது, 7 மட்டும் கடலுக்கு வந்தன. வேகம் 35 நாட், அதாவது மணிக்கு 35 கடல் மைல். சத்தமும் குறைவு.

சண்டைக்குப் போனபோதுதான் குறை தெரிந்தது. நீராவி ஏற்பாட்டில் ஒரே ஒரு குண்டு சரியான இடத்தில் பட்டால் போதும், படகு நின்றுவிடும். மோட்டார் படகில் ஒரு எஞ்சின் போனால் மற்றதை வைத்து நொண்டிக்கொண்டாவது வீடு திரும்பலாம். நீராவி வெளியேறிவிட்டால் நொண்டவும் முடியாது. அதற்குப் பரிகாரமாக இயந்திர அறையைச் சுற்றி முக்கால் அங்குலத் தகடு அடித்தார்கள், அதாவது 19 மி.மீ. தகட்டின் எடையோடு பீரங்கிகளின் எடையும் சேர்ந்து வேகம் 30 நாட் பக்கம் இறங்கியது. விளையாட்டில் நமக்குக் கிடைப்பது ஆயுதம் ஏறிய இந்தப் பிற்காலப் படகு.

ஆக, இதைப் படகு என்று நினைத்துப் பாய்ந்தால் சாவு. கப்பல் என்று நினைத்து நின்று சுட்டால் இன்னும் சீக்கிரம் சாவு. கீழே வரும் தவறுகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பாய்ச்சலில் தொடங்குகிறேன். ஆட்டம் ஆரம்பித்ததும் மூன்று கைப்பற்றும் வட்டங்களும் தெரியும். எல்லோரும் கிட்டத்தில் இருக்கும் வட்டத்துக்கு ஓடுவார்கள். கிரே கூஸை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தில் சேராதீர்கள். டார்பிடோ படகுகளும் எதிரணியின் எஸ்-போட்களும் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் போகும்போது அங்கே நான்கைந்து பேர் காத்திருப்பார்கள், அவர்களுக்கு நடுவில் மிகப் பெரிய இலக்கு நீங்கள்தான். வேகப் படகுகளை முன்னே விட்டு, அவர்கள் பின்னாலேயே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் போங்கள். வட்டத்தை அவர்கள் பிடிக்கட்டும். பிடிக்க வருகிற எதிரியைச் சுடுவது உங்கள் வேலை. ஸ்கோரும் இதில்தான் அதிகம் வருகிறது என்பது என் அனுபவம்.

பாய்ச்சலில் இன்னொரு கேடும் உண்டு. எதிரியை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு போனால், இருப்பதில் பெரியதான 76 மி.மீ. பீரங்கி சுடவே சுடாது. அது முன்தளத்தில் இல்லை, பின்பாதியில் இருக்கிறது. முன்னால் படகை ஓட்டுகிற மேல்தள அறையின் கட்டமைப்பு மறைக்கிறது. இலக்கு குறுகட்டும் என்று நினைத்துத்தான் மூக்கைக் காட்டுகிறோம், ஆனால் நம் சுடும் பலத்தில் பெரும்பகுதியை நாமே கட்டிப்போட்டுவிடுகிறோம். முழுப் பக்கவாட்டையும் காட்டினால் எல்லாப் பீரங்கியும் சுடும், கூடவே கொதிகலன் அறை முழுவதும் எதிரிக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. எதிரியை விட்டுச் சாய்வாக விலகிப் போகும் கோணம் அது. பின்பக்கத்துப் பீரங்கிகள் தாராளமாகச் சுடும், இலக்கு ஒடுங்கித் தெரியும், தூரமும் நம் கையில் இருக்கும். துரத்தி வருகிறவன் மூக்கைக் காட்டிக்கொண்டு வருவான், அவனுக்குத்தான் இப்போது பாதிப் பீரங்கி. ஓடிக்கொண்டே அடிப்பது கோழைத்தனம் போலத் தோன்றும். இந்தப் படகுக்கு அதுதான் இயல்பு.

சரி, நேர்கோட்டில் போவதற்கு வருவோம். இது எல்லாப் படகுக்கும் தவறுதான். ஆனால் எஸ்ஜிபிக்கு இதில் ஒரு நிஜக் கதையே இருக்கிறது.

1942 ஆகஸ்ட் 19, பிரெஞ்சுக் கரையின் டியெப் துறைமுகத்தின் மேல் நேச நாடுகளின் தாக்குதல். எஸ்ஜிபி 5 என்ற படகு, கிரே கூஸின் உடன்பிறப்பு, மூன்றாவது கமாண்டோ படைப்பிரிவு வீரர்களின் சிறு தரையிறங்கு படகுகளுக்கு வழிகாட்டிக்கொண்டு பெர்னவால் கரைக்குப் போனது. விடிவதற்கு முன்னால், நான்கு மணிக்குச் சற்று முந்தி, எதிர்பாராமல் ஒரு ஜெர்மன் கப்பல் அணி குறுக்கே வந்தது. வெளிச்சக் குண்டு வெடித்து எல்லாம் பட்டப்பகலாகிவிட்டது. தான் திரும்பினால் பின்னால் வரும் படகுகள் சிதறிவிடும் என்று எஸ்ஜிபி 5 திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போனது. சில நிமிடங்களில் நீராவி போனது, பீரங்கிகள் அடங்கின, படகு அசையாமல் மிதந்தது. யாருக்காக நேராகப் போனார்களோ அந்தச் சிறு படகுகளும் எப்படியும் சிதறிவிட்டன.

அவர்களுக்குப் பின்னால் வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், காரணம் இருந்தது. நமக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தும் நேராகப் போகிறோம், ஏனென்றால் நேராகப் போனால்தான் குறி வைக்க வசதி. விளையாட்டின் எளிய வகையான ஆர்கேட் முறையில், எங்கே சுட வேண்டும் என்று எதிரியின் திரையில் காட்டும் முன்புள்ளி, நாம் இந்த நொடியில் போகும் வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்கிட்டது. குண்டு காற்றில் இருக்கும் சில நொடிகளுக்குள் அந்த இரண்டில் ஒன்று மாறினால் குண்டு தண்ணீரில் விழும். நிஜத்துக்கு நெருக்கமான ரியலிஸ்டிக் முறையில் அவனே தூரம் போட்டு, முன்தள்ளிச் சுட வேண்டும், அவன் பாடு இன்னும் சிரமம்.

மாற்றுவது என்றால் சுக்கானை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு இழுப்பது இல்லை. அப்படி இழுத்தால் நம் குறியும் கெடும், வேகமும் விழும், ஒவ்வொரு திருப்பத்திலும் முழுப் பக்கவாட்டு ஒருமுறை தெரியும். சின்னத் திருப்பங்கள் போதும், ஆனால் ஒரே தாளத்தில் வேண்டாம். நான் திருப்பத்தைவிட வேகத்தைத்தான் அதிகம் மாற்றுகிறேன். முழு வேகத்திலிருந்து ஒரு படி குறைத்து, ஐந்தாறு நொடி விட்டு, மறுபடி ஏற்றினால் எதிரியின் குண்டு மூக்குக்கு முன்னால் வரிசையாக விழுவதைப் பார்க்கலாம். அதில் ஒரு அற்ப சந்தோஷமும் இருக்கிறது.

ஆனால் வேகத்தைப் பூஜ்யத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். நிதானமாகச் சுடலாம் என்று தீவின் ஓரத்தில் நிறுத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நின்ற எஸ்ஜிபி மறுபடி வேகம் பிடிப்பதற்குள் யாரோ ஒருவன் டார்பிடோவை அனுப்பியிருப்பான்.

அடி பட்ட பிறகு செய்யும் தவறுகள் தனி ரகம். தீ, தண்ணீர், உடைந்த இயந்திரம் என்று மூன்றும் ஒரே நேரத்தில் சிவப்பில் எரியும்போது பதற்றத்தில் மூன்று பொத்தானையும் அழுத்திவிடுவோம். அதே ஆட்கள்தான் மூன்று வேலைக்கும் பிரிந்து போகிறார்கள், மூன்றுமே மெதுவாகும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். தீ முதலில், ஏனென்றால் அது ஆட்களைத் தின்னும், வெடிமருந்து அறைக்கும் போகும். அப்புறம் தண்ணீரா எஞ்சினா என்பது நிலைமையைப் பொறுத்தது. திறந்த கடலில் எதிரி கண்ணில் இருக்கும்போது நின்றுவிட்டால் நான் எஞ்சினைத்தான் முதலில் பார்ப்பேன்; படகு சாய்வது அதிகமாகத் தெரிந்தால் மட்டும் பம்ப். மேம்பாடுகளை வாங்கும்போதும் இதே கணக்குதான். பழுதுபார்ப்பும் தீயணைப்பும் முதலில், வேகத்தைக் கூட்டும் சாமான்கள் பிறகு. கூட்டினாலும் எஸ்-போட்டை முந்தப்போவது இல்லை.

சுடும்போது ஒரே ஓட்டையில் சுட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. விளையாட்டில் படகின் உடம்பு பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு அறை முழுவதும் சேதமாகிக் கருத்துவிட்டால், அங்கே இருந்த ஆட்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்று அர்த்தம். அதன் மேல் இன்னும் முப்பது குண்டு போட்டாலும் பெரிய பலன் இல்லை. குறியை மூக்குப் பக்கமோ பின்பக்கமோ நகர்த்துங்கள். இதையே உங்கள் படகுக்கும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பகுதி கருத்துவிட்டதென்றால், சேதமான அந்த முனையை எதிரியின் பக்கம் வைத்து, உயிரோடு இருக்கும் பகுதியை மறைக்கலாம்.

குண்டு வகையில் நான் அதிகம் யோசிப்பதில்லை. கடலோரப் படகுகளில் பாதி மரம், தகடு துளைக்கும் குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். பட்டதும் வெடிக்கும் குண்டு வகையைப் பெரும்பங்காகவும், பெரிய கப்பல் வந்தால் இருக்கட்டும் என்று மற்றதைக் கொஞ்சமாகவும் எடுங்கள். கொள்ளளவு முழுவதையும் நிரப்ப வேண்டாம். ஒரு ஆட்டத்தில் சுட்டுத் தீர்க்க முடியாத குண்டு, வயிற்றுக்குள் வெடிக்கக் காத்திருக்கும் குண்டுதான்.

ஓர்லிகன்களை நாலு கிலோமீட்டர் தூரத்தில் திறக்காதீர்கள். படாது, ஒளிக்கோடு மட்டும் உங்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். விமானம் வரும்போது மட்டும் பக்கவாட்டைத் திருப்பி மூன்றுக்கும் வழி விடுங்கள்.

டார்பிடோ பற்றி ஒரே ஒரு விஷயம். கையில் இரண்டுதான். ஆட்டம் தொடங்கிய வேகத்தில் தூரத்துப் புள்ளியை நோக்கி இரண்டையும் விட்டுவிட்டு, பிறகு நாலாவது நிமிடத்தில் தீவு முனையைச் சுற்றி டெஸ்ட்ராயர் என்ற பெரிய போர்க்கப்பல் ஒன்று வரும்போது கையைப் பிசையாதீர்கள். 76 மி.மீ. அவனுக்கு எறும்புக்கடி. டார்பிடோவை அவனுக்காகவே வைத்திருங்கள், அவன் வந்தாக வேண்டிய குறுகிய வாய்க்காலின் பக்கம் பொறுத்திருந்து விடுங்கள். வழியில் நம் ஆள் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜத்திலும் இந்தப் படகுகளின் பிழைப்பு அதுதான். சத்தமில்லாத டர்பைனை வைத்துக்கொண்டு இரவில் பிரெஞ்சுக் கரையோரம் பதுங்கி, எதிரிக் கப்பல் வரிசை வரும்போது அடித்துவிட்டு விலகுவார்கள். கிரே கூஸின் தலைவராக இருந்தவர் பீட்டர் ஸ்காட். தென்துருவப் பயணத்தில் இறந்த கேப்டன் ஸ்காட்டின் மகன். வாத்துகளையும் காட்டு அன்னங்களையும் வரைவதில் பெயர் பெற்றவர், போருக்குப் பிறகு இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கென்றே ஒரு காப்பகம் தொடங்கினார். பறவை பார்க்கிறவருக்குப் பதுங்கிக் காத்திருப்பதைச் சொல்லித்தரத் தேவையில்லை. படகின் பெயரிலும் ஒரு வாத்து இருந்தது வேறு.

ஏழு படகில் ஒன்றை 1942 ஜூனில் இழந்தார்கள். மற்றவை போரைத் தாண்டின. கிரே கூஸுக்கு மட்டும் ஒரு வினோதமான மறுபிறவி கிடைத்தது. 1950-களில் பிரிட்டிஷ் கடற்படை அதன் நீராவி ஏற்பாட்டை மொத்தமாகக் கழற்றி வீசிவிட்டு ரோல்ஸ்-ராய்ஸ் எரிவாயு டர்பைன்களைப் பொருத்தியது. எரிவாயு டர்பைனில் மட்டுமே ஓடிய முதல் போர்க்கப்பல் என்ற பெயரும் அதற்கு வந்தது. பிறகு அதை யாரோ வாங்கி, இங்கிலாந்தின் மெட்வே நதியில் வீட்டுப் படகாக்கிக் குடியிருந்தார்கள். விளையாட்டில் கொதிகலனைக் கழற்றும் மேம்பாடு எதுவும் இல்லை. எக்ஸ்-ரேயில் பார்த்த அந்த நடுப்பகுதியை நாம் அப்படியே சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.