நடுகல்லை நகர்த்தாதீர்கள்: ஊர் வரலாறு தேடும் குழுக்கள் செய்கிற தவறுகள்

ஊரில் நாலு பேர் சேர்ந்து வரலாற்றுக் குழு தொடங்கினால் முதல் மாதமே ஒரு வேலை நடந்துவிடும். வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லை, அதாவது இறந்த வீரனுக்காக நட்ட பழைய சிற்பக்கல்லை, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து, பிள்ளையார் கோயில் முன்னாலோ பள்ளிக்கூட வாசலிலோ சிமெண்ட் மேடை கட்டி நட்டுவிடுவார்கள். மாலை போட்டு, படம் எடுத்து, வாட்ஸாப்பில் போடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கல் சொல்லக்கூடியதில் பாதி வரப்பிலேயே தங்கிவிடும்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று தமிழ்ப் பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் எழுதியிருக்கிறது. இறந்தவன் பெயர், ஊர், நடந்தது மாடு கவரும் சண்டை என்பது எல்லாம் ஒரே வரியில். இப்படி வாய்ப்பது அபூர்வம். நம் ஊர்ப்பக்கம் கிடைக்கும் பல கற்களில் எழுத்தே இருக்காது. வில்லோ வாளோ ஏந்திய உருவம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட கல்லுக்கு அது நிற்கிற இடம்தான் எழுத்து. பழைய மாட்டுத்தடமா, ஏரிக்கரையா, இரண்டு ஊர் எல்லையா, எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையெல்லாம் வைத்துத்தான் பிற்பாடு யாராவது ஏதாவது சொல்ல முடியும். இன்னொன்று, எழுத்து இருக்கிற கல்லில் கடைசி இரண்டு மூன்று வரிகள் மண்ணுக்குள் புதைந்திருப்பது வழக்கம். சிமெண்ட் மேடை முதலில் விழுங்குவது அவற்றைத்தான்.

சாலை அகலப்படுத்துகிறார்கள், நகர்த்தாமல் வழியில்லை என்றால் சரி, முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமோ மாவட்ட அருங்காட்சியகத்திடமோ எழுதிக் கொடுங்கள். நான்கு பக்கமும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண், திசை, மண்ணுக்குள் இருந்த ஆழம், பக்கத்தில் இருந்த ஓடை அல்லது பாதை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்த பிறகு கல்லைத் தொடலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடப்படுபவை பலவும் நடுகற்களே. அங்கே போய் ‘இது சாமி இல்லை, வீரக்கல்’ என்று பாடம் எடுக்கிற ஆர்வக்கோளாறு வேண்டாம். கும்பிட்டதால்தான் அந்தக் கல் இத்தனை நூற்றாண்டு உடையாமல் இருக்கிறது. நம் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டால் போதும்.

அடுத்தது கல்வெட்டைச் ‘சுத்தம்’ செய்வது. எழுத்து தெரியவில்லை என்று விபூதி, மைதா, சாக்பீஸ் தூள் தேய்ப்பார்கள். இரும்பு பிரஷ் போட்டு உரசுவார்கள். எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. எல்லாமே கல்லைக் கெடுப்பவை. காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ, ஒளி பக்கவாட்டில் விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பகல் முழுக்கத் தெரியாத எழுத்து அப்படியே எழுந்து நிற்கும். கோயிலில் திருப்பணி தொடங்கப் பாலாலயம் (சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பது) செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே போய் எல்லாச் சுவரையும் படம் எடுத்துவிடுங்கள். மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைச் சுரண்டும் மணல் வீச்சு, எனாமல் பெயிண்ட், புதுத் தரைக்கல் என எது வந்தாலும் எழுத்துக்கு ஆபத்துதான்.

படிப்பதிலும் அவசரம் வேண்டாம். பழைய தமிழ்க் கல்வெட்டில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று என்ற எண் ‘௧’ பார்க்கக் ககரம் போலவே இருப்பதால் ஆண்டு எண்ணை எழுத்தாக நினைத்துவிட்டவர்கள் பலர்.

அப்புறம், நம் ஊர்களில் எந்தக் கற்கோயிலைப் பார்த்தாலும் ‘ராஜராஜ சோழன் கட்டியது’ என்பார்கள். இது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். கல்வெட்டில் வெறுமனே ‘கோப்பரகேசரிவன்மற்கு யாண்டு’ (பரகேசரி அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு) என்று மட்டும் இருந்தால் அது விஜயாலயனாகவும் இருக்கலாம், முதல் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். ‘மதிரை (மதுரை) கொண்ட’ என்று முன்னால் சேர்ந்து வந்தால் பராந்தகன். ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்ப்பாட்டு, தொடங்கினால் முதலாம் இராஜராஜன். ‘திருமன்னி வளர’ என்றால் அவன் மகன் இராஜேந்திரன். இந்த அடையாளம் எதுவும் இல்லாமல் அரசன் பெயரை எழுதாதீர்கள். ‘ஒரு பரகேசரி’ என்று எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. கல்வெட்டு ஒரு சுவரில் இருப்பதால் கோயிலையே அந்த அரசன் கட்டினான் என்றும் ஆகாது. விளக்கெரிக்கத் தொண்ணூறு ஆடு கொடுத்த செய்தியாக அது இருக்கலாம்.

ஆண்டுக் கணக்கிலும் இதே கதை. சக ஆண்டோடு 78, கொல்லம் ஆண்டோடு 825, நிலவரிக் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மாதத்தைப் பொறுத்து ஓராண்டு முன்பின் ஆகும். சங்கடம் கொடுப்பது அறுபது வருடப் பெயர்கள். ‘தாது வருசத்துல’ என்று ஒரு பாட்டி சொன்னதும் 1876இன் பெரும் பஞ்சம் என்று எழுதிவிடுகிறோம். 1936உம் தாதுதான், 1996உம் தாதுதான். பாட்டி சொன்னது தன் சிறுவயதையா, தன் பாட்டி சொல்லக் கேட்டதையா என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பத்திரிகைக்கு ‘புதிய கல்வெட்டு கண்டுபிடிப்பு’ என்று செய்தி கொடுக்கும் முன் அதை ஏற்கெனவே படியெடுத்திருக்கிறார்களா (மையொற்றி நகல் எடுத்திருக்கிறார்களா) என்று பாருங்கள். 1880களிலிருந்தே நடுவண் கல்வெட்டுத் துறை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து ஆண்டறிக்கையில் எண் போட்டு வைத்திருக்கிறது. சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டவாரியாக அடுக்கி வி. ரங்காச்சார்யா 1919இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். நூறு வருடம் முன்பு படித்ததை நாம் போன வாரம் கண்டுபிடித்ததாகச் சொல்வது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

வீடு கட்டத் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் குழு அலுவலகத்தில் கொண்டுவந்து வைக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.வையோ தாசில்தாரையோ பிடித்தால் அவர்கள் அனுப்பிவைப்பார்கள். திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து வந்த நடராஜர் சத்தமில்லாமல் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். வழக்கு நடத்தி மீட்க 1991 ஆயிற்று.

பூட்டிக் கிடக்கும் கோயிலில் செப்புத்திருமேனி இருக்கிறது என்று இருப்பிடக் குறியோடு ஃபேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம். படம் எடுக்காமல் விட்டுவிடுவதும் வேண்டாம். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியிருந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய படங்கள். சிலை 2014இல் திரும்பியது. ஆகவே படம் எடுங்கள், இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள்.

வாய்மொழி வரலாற்றுக்கு வருவோம். முதுமக்கள் தாழி, அதாவது இறந்தவர்களைப் புதைக்கப் பயன்பட்ட பழங்காலப் பெரிய மண்பானை, என்றதும் ‘சாகாத கிழவர்களை உயிரோடு உட்கார வைத்தது’ என்று ஊரே சொல்லும். பல தாழிகளில் இருப்பது, உடலை வேறிடத்தில் இட்டுப் பிறகு பொறுக்கி வைத்த எலும்புகள். கதையைக் கதை என்று எழுதுங்கள். ஆனால் எழுதாமல் விட்டுவிடாதீர்கள், அதுவும் ஊருடைய சொத்து.

யாரைக் கேட்கிறோம் என்பது இன்னும் முக்கியம். குழுக்காரர்கள் நேராகப் போவது முன்னாள் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், கோயில் தர்மகர்த்தா வீடுகளுக்கு. பெரும்பாலும் எல்லாம் ஒரே தெரு. ஏரி மதகை எந்த வருடம் எப்படித் திறந்தார்கள் என்பது நீர் பாய்ச்சியவருக்குத்தான் தெரியும். நாற்று நட்ட பெண்களுக்கு ஒவ்வொரு வயலின் பழைய பெயரும் தெரியும்; அந்தப் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. என் முதல் ஒலிப்பதிவை இப்போது போட்டுக் கேட்டால் எண்பது வயது அம்மாச்சியின் குரல் மொத்தம் ஐந்து நிமிடம் வராது. மீதியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் அவருக்காகச் சொன்ன பதில், நடுநடுவே ‘அப்படித்தானே அம்மாச்சி?’ என்று நான். அவரும் பாவம், ‘ஆமா சாமி’ என்றே சொல்லியிருக்கிறார். மறுபடி மகன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கேள்வி கேட்காமல் கூடவே வயலுக்கு நடந்தேன். ஒவ்வொரு வரப்பிலும் நின்று அவரே பேசினார்.