வர்ஜீனியா நிலக்கிழாரின் இங்கிலாந்து வேரைத் தேடுவது எப்படி?

பதினேழாம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் நிலம் சேர்த்த ஒரு குடும்பம் இங்கிலாந்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டுமா? பழகிப் பார்க்க ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் கதை நல்ல மாதிரி.

படி 1: அமெரிக்க ஆவணங்களை முதலில் முடித்துவிடுங்கள். நிலப்பட்டாக்கள் வர்ஜீனியா மாநில நூலகத்தின் தளத்தில் இலவசம். கப்பல் கட்டணம் கொடுத்து ஓர் ஆளைக் கூட்டிவந்தால் 50 ஏக்கர் என்பது அன்றைய கணக்கு. அதனால் பட்டாவிலேயே ஆட்களின் பெயர்கள் இருக்கும். ஆனால் அதிலுள்ள வருடம் பட்டா கிடைத்த வருடம்தான். அவர்கள் வந்திறங்கியது முன்னதாக இருக்கலாம்.

படி 2: உயிலைக் கடைசி வரி வரை படியுங்கள். பாகப்பிரிவினை அலுப்புத் தட்டும். விஷயம் சில்லறைப் பத்திகளில்தான் ஒளிந்திருக்கும். ஜார்ஜின் கொள்ளுத்தாத்தா ஜான், தங்கை மார்த்தாவுக்கு இங்கிலாந்தில் உள்ள பணத்திலிருந்து 10 பவுண்டு எழுதிவைத்தார். அவள் வந்த கப்பல் செலவுக் கடனையும் தள்ளுபடி செய்தார். தம்பி லாரன்ஸ் தன் இங்கிலாந்துச் சொத்தை மகள் மேரிக்கு எழுதினார்.

படி 3: இதுதான் முக்கியம். ஒற்றைப் பெயரைத் தேடாதீர்கள். ஜான், லாரன்ஸ், மார்த்தா மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்று பாருங்கள். 1790களில் குலச்சின்ன அதிகாரி ஐசக் ஹேர்ட், இங்கிலாந்தின் சல்கிரேவ் ஊர் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று அண்ணன் தம்பி இருவரைப் பார்த்ததும் இவர்கள்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அந்த ஜான் 'சர்' பட்டம் பெற்றவர், லாரன்ஸ் பாதிரியார், இருவருமே கடல் தாண்டவில்லை என்று 1866இல் வம்சாவளி ஆய்வாளர் ஜோசப் செஸ்டர் காட்டினார். குடும்பம் சரி, தலைமுறைதான் தவறு: 1889இல் இன்னொரு ஆய்வாளர் ஹென்றி வாட்டர்ஸ் வெளியிட்டபடி, கடல் தாண்டியவர்கள் அந்தப் பாதிரியாரின் பிள்ளைகள். இங்கிலாந்தின் டிரிங் ஊர்க்காரர் ஆண்ட்ரூ நோலிங்கின் 1650ஆம் ஆண்டு உயிலில், பாதிரியாரின் மகன் லாரன்ஸ் அவருடைய ஞானப்பிள்ளை (ஞானஸ்நானத்தில் அவர் பொறுப்பேற்ற பிள்ளை); மார்த்தாவும் அங்கே இருக்கிறாள்!

படி 4: இப்போது இங்கிலாந்துக்குப் போகலாம். தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தொடங்குகின்றன, ஆனால் 1640களில் உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் பக்கங்களே கிடையாது. அங்கே கைகொடுப்பவை, அன்று உயில்களை உறுதிசெய்த கேன்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தின் உயில்கள். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் தேடலாம். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து நிர்வாக உத்தரவுகளையும் விடாதீர்கள். தாய் ஆம்ஃபிலிஸின் சொத்துக்கு ஜான் உத்தரவு வாங்கியது அப்படியொரு பதிவில்தான் சிக்கியது.

அப்புறம் தேதி. 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் பிறந்தது மார்ச் 25. ஜானின் உத்தரவு பதிவேட்டில் பிப்ரவரி 1655, நம் கணக்கில் 1656. உங்கள் குறிப்பில் 1655/56 என்றே எழுதிக்கொள்ளுங்கள்.