கரண்ட் போவதற்குள் தூங்கிவிடுங்கள்

டியூஷன் பிள்ளைகள் போய், சாப்பிட்டு, சட்டி கழுவி, கணக்குத் தாள்களைத் திருத்தி முடிக்கும்போது இரவு ஒன்பது ஆகிவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு. வாரத்தில் மூன்று இரவு அப்படிக் கிடைத்தாலே பெரிய விசயம். தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பழைய லெப்டொப்பில் அந்த நேரத்தில்தான் கேம் விளையாடுகிறேன். இடிக்கும் மழைக்கும் கரண்ட் போகும் மலையகத்தில், டிக்கோயாவில் இருந்துகொண்டு இதை எப்படிச் சமாளிக்கிறேன் என்று, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் என்னைப் போல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு கேமை எடுக்கும் முன் நான் பார்ப்பது அது எங்கே சேவ் ஆகும் என்பதைத்தான். கதை, படம் எல்லாம் அதற்குப் பிறகு. ஸ்டார்டியூ வேலி என்று 2016இல் வந்த பண்ணை கேம் ஒன்று இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கியது. அதில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நடுச்சாமம் தாண்டி இரண்டு மணிக்கு முடியும். நம் கடிகாரத்தில் கிட்டத்தட்ட 14 நிமிடம். கம்ப்யூட்டரில் விளையாடினால், நாள் முடிந்து தூங்கும்போதுதான் சேவ் ஆகும். அதற்கு முன் கரண்ட் போனால் அந்த நாளே நடக்கவில்லை என்று அர்த்தம்.

போன ஐப்பசியில் எனக்கு அது நடந்தது. கேமிலும் மழை, வெளியிலும் மழை. மழை நாளில் ஆற்றில் கிடைக்கும் கேட்ஃபிஷ்ஷை நாலு தடவை கோட்டைவிட்டு, ஐந்தாவது தடவை பிடித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இடித்தது ஒரு இடி, லைட்டோடு லெப்டொப்பும் அணைந்தது. இதன் பட்டரி செத்து ஒரு வருடம், வயரில்தான் உயிர் ஓடுகிறது. திரும்பத் திறந்தால் அதே காலை ஆறு மணி, அதே மழை, கையில் வெறும் தூண்டில்.

அதனால் மலைக்கு அந்தப்பக்கம் உறுமல் கேட்டதுமே கேமில் மணி என்ன என்று பார்க்காமல் கட்டிலுக்கு ஓடுங்கள். பகல் இரண்டு மணிக்குப் படுத்தாலும் அந்தக் கேம் ஏன் என்று கேட்காது. சேவ் ஆனதும் லெப்டொப் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

இடி கூடுதலாக இருக்கும் சித்திரையிலும் ஐப்பசியிலும் நான் ஸ்லே த ஸ்பயருக்கு மாறிவிடுவேன். 2019இல் முழுதாக வெளிவந்த சீட்டுக் கேம். ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் சேவ் ஆகிவிடும். சண்டை நடுவில் கரண்ட் போனால் அந்தச் சண்டையை மட்டும் முதலிலிருந்து ஆட வேண்டும், போவது ஐந்து நிமிடம்தான். டியூஷன் பையன்கள் ஃப்ரீ ஃபயர் என்ற ஒன்லைன் சுடும் கேமை ஆடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 50 பேர் மேட்ச், பத்து நிமிடத்தில் முடியும், ஆனால் நடுவில் நிறுத்த முடியாது. அம்மா கூப்பிட்டால் யார் போவது?

டேட்டா கதைக்கு வருவோம். ஸ்டார்டியூவுக்கு 500 எம்.பி. இடம் போதும். பால்டர்ஸ் கேட் 3 என்ற பெரிய கேமுக்கு 150 ஜி.பி. வேண்டும், அதை நான் கடையில் துணி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். உங்கள் பெக்கேஜில் நைட் டேட்டா தனியாக இருந்தால் எல்லா டவுன்லோடையும் நடுச்சாமத்துக்குப் பிறகு வையுங்கள். கேம்களை வாங்கி இறக்குகிற ஸ்டீம் என்ற ஒன்லைன் கடையில், செட்டிங்ஸுக்குள் டவுன்லோட்ஸ் பக்கத்தில், அப்டேட் எந்த நேரத்துக்குள் நடக்கவேண்டும் என்று குறிக்கலாம். லெப்டொப் ஸ்லீப்புக்குப் போனால் டவுன்லோடும் நின்றுவிடும், அதை மாற்றிவிட்டுப் படுங்கள். நான் முதல் தடவை மாற்றவில்லை. விடிந்து பார்த்தால் நாலு வீதம். லைன் இருக்கும்போதே கேமை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு ஓஃப்லைன் மோடுக்குப் போனால், சிக்னல் இல்லாத நாளிலும் வேலை செய்யும்.

விலை டொலரில் வரும். விஷ்லிஸ்டில் போட்டு வைத்து, ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் பெரிய சேலுக்குக் காத்திருங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் காசைத் திரும்பக் கேட்கலாம்.

ஸ்டார்டியூவில் தேயிலையும் நடலாம். கேரலைன் என்ற பெண்ணோடு கொஞ்சம் பழகி, அவள் வீட்டுச் செடி அறையைப் போய்ப் பார்த்தால் கன்று செய்யும் முறை கடிதமாக வரும். 20 நாளில் செடி வளர்ந்துவிடும். ஒரு பருவத்துக்கு 28 நாள். அதில் கடைசி ஏழு நாளும் தினம் கொழுந்து கிடைக்கும், குளிர்காலத்தில் வெளியே நட்டதில் கிடைக்காது. 28 வருடம் மலையில் கொழுந்தெடுத்த அம்மா இதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு நாள்தான் கொழுந்தா? மிச்ச நாளைக்கு அரைப்பேர்கூட விழாதே புள்ள." அரைப்பேர் என்றால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம்.

கொழுந்தைப் பீப்பாயில் போட்டால் மூன்று மணி நேரத்தில் கிரீன் டீ ஆகிவிடும் என்று காட்டினேன். வாட்டாமல், அரைக்காமல் தேயிலையா என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் இரவு, "கொழுந்து வந்துச்சா?" என்று அவராகவே கேட்டார்.

பத்து நாள் கழித்துக் கேமைத் திறந்தால் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றே தெரியாது. கையில் விதை இருக்கும், எதற்கு வாங்கினோம் என்று ஞாபகம் வராது. அதைத் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். அதற்காக ஒரு சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், மூடும் முன் ஒரு வரி எழுதி வைக்கிறேன். என்ன செய்தேன் என்று எழுதமாட்டேன், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மட்டும். நேற்று எழுதியது: "வசந்தம் 19. காலிஃபிளவர் நாளைக்கு அறுக்கணும். கோழிக்கு வைக்கோல் இல்லை. 22க்கு கொழுந்து, அம்மாவைக் கூப்பிடணும்."