கல்லூரித் தேர்வில் ஸ்க்ரைப், கூடுதல் நேரம் வாங்குவது எப்படி? செமஸ்டர் தொடங்கியதும் செய்ய வேண்டிய வேலைகள்

மாற்றுத்திறனாளி மாணவர் பள்ளியில் படித்தவரை ஸ்க்ரைப் (மாணவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்) ஏற்பாட்டைத் தலைமையாசிரியரே பார்த்துக்கொள்வார். பெயர்ப்பட்டியல் போகும், அனுமதி வரும், பொதுத்தேர்வு அன்று ஆள் வந்து உட்காருவார். கல்லூரியில் அப்படி யாரும் தானாகச் செய்துதர மாட்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும், அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். தேர்வு அன்று காலையில் ஒரு மாணவரைத் தவிக்கவிடுவது பெரும்பாலும் உரிமை இல்லாதது அல்ல; அந்த உரிமையைச் சொல்லும் தாள் ஹாலில் இல்லாததுதான். இந்தப் பதிவு முழுக்க அந்தத் தாளை ஹால் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றியது. தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளையும் தன்னாட்சிக் கல்லூரிகளையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டிய அளவு

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நடைமுறை விவரம் மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். ஸ்க்ரைப் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்பவருக்கும் 3 மணி நேரத் தேர்வில் 1 மணி நேரம் கூடுதல் உண்டு. இந்த இரண்டாவது வசதி பலருக்குத் தெரிவதில்லை. மெதுவாக எழுதும் பலருக்கு ஸ்க்ரைப் தேவையே இல்லை, நேரம் மட்டும் போதும்.

முதலில் சான்று

யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லையென்றால் அந்தக் கார்டுக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் எந்தக் கிழமை என்று கேட்டு நேரில் போங்கள். கார்டில் உள்ள பட்டையின் நிறமே குறைபாட்டின் சதவீதத்தைச் சொல்லிவிடும்: வெள்ளை 40க்குக் கீழே, மஞ்சள் 40லிருந்து 80க்குள், நீலம் 80ம் அதற்கு மேலும்.

பலர் இடறும் இடம் இங்கேதான். கார்டு மட்டுமே எல்லோருக்கும் ஸ்க்ரைப் வாங்கித்தராது. பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிப்பு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்று வகையினர் விரும்பிக் கேட்டாலே கொடுக்க வேண்டும். மற்ற எல்லா வகையினரும், 'இவருக்கு எழுதுவதில் உடல்ரீதியான தடை இருக்கிறது, ஸ்க்ரைப் அவசியம்' என்று ஒரு தனிச் சான்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கான படிவம் 2018 நெறிகளின் முதல் பிற்சேர்க்கையில் உள்ளது. கையெழுத்துப் போட வேண்டியவர் அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலர், சிவில் சர்ஜன், மருத்துவக் கண்காணிப்பாளர் ஆகியோரில் ஒருவர். தனியார் மருத்துவமனை லெட்டர்பேடில் எவ்வளவு விரிவாக எழுதி வாங்கினாலும் திருப்பிவிடுவார்கள். படிவத்தை நீங்களே பிரின்ட் எடுத்துப் போங்கள். வெறுங்கையோடு போனால் டாக்டர் தன் வழக்கப்படி ஏதோ எழுதித் தருவார், அதில் 'ஸ்க்ரைப் அவசியம்' என்ற வரி இருக்காது.

40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களும் கைவிட வேண்டாம். எழுதுவதில் சிரமம் இருந்தால் 40 சதவீதம் என்ற கோடு தடையாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் சொன்னது. அவருக்கு இருந்தது எழுதும்போது கை இறுகிப்போகும் பிரச்சினை. அதன்பிறகு 2022 ஆகஸ்ட் 10 அன்று இவர்களுக்கெனத் தனி நெறிகள் வந்தன. இதில் ஒரு டாக்டரின் கையெழுத்து போதாது, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு சான்று தர வேண்டும். குழு கூடும் நாள் பார்த்துப் போவதற்கே வாரக்கணக்கில் ஆகும். தேர்வுக்கு முந்தைய வாரம் தொடங்கினால் நடக்காது.

டிஸ்லெக்சியா (வாசிப்பதில் குறைபாடு), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் குறைபாடு) உள்ளவர்கள் பத்தாம் வகுப்பில் வாங்கிய சான்றை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றை 18 வயதில் மறுபடி மதிப்பிட்டு வாங்க வேண்டும் என்பது 2018இல் வந்த மதிப்பீட்டு நெறி. முதலாம் ஆண்டு மாணவர்களில் பலர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள், ஆகவே சேர்ந்த கையோடு அதை முடித்துவிடுங்கள்.

அடுத்து கடிதம்

தன்னாட்சிக் கல்லூரி என்றால் சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) கல்லூரிக்குள்ளேயே இருப்பார், முதல்வர் வழியாக அவருக்கு எழுதினால் போதும். இணைவுக் கல்லூரி என்றால் முதல்வர் அதைப் பல்கலைக்கழக சி.ஓ.இ.க்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பதில் வர நாளாகும். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரம்தான் கடைசி எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தொடங்கிய முதல் மாதமே நல்லது.

கடிதத்தில் கதை வேண்டாம். கீழே உள்ள அளவு போதும்:

"ஐயா / அம்மா, நான் ... துறையில் ... ஆண்டு படிக்கிறேன். பதிவு எண் ... . எனக்கு ... சதவீத ... பாதிப்பு உள்ளது. யு.டி.ஐ.டி. கார்டு நகலும், அரசு மருத்துவமனைச் சான்றும் இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17இன்படி, இந்தப் படிப்பு முடியும்வரை எல்லா உள்மதிப்பீட்டுத் தேர்வுகளிலும், செய்முறைத் தேர்வுகளிலும், செமஸ்டர் தேர்வுகளிலும், அரியர் தாள்களிலும் (1) ஸ்க்ரைப், (2) மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், (3) தரைத்தளத்தில் தனி அறை அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். உத்தரவின் நகல் எனக்கும் துறைத் தலைவருக்கும் தேர்வு மையக் கண்காணிப்பாளருக்கும் கிடைக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்."

'படிப்பு முடியும்வரை' என்ற சொல்லை விட்டுவிட்டால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இதே ஓட்டம். 'உள்மதிப்பீட்டுத் தேர்வுகளிலும்' என்று போடாவிட்டால் இன்டர்னலில் வசதி கிடைக்காமல், மதிப்பெண் அங்கேயே கரையும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதே அன்று முதல்வரின் மின்னஞ்சலுக்கும் ஸ்கேன் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று வந்த பதில் தேர்வு அறையில் உதவாது.

உத்தரவு வந்த பிறகும் நேரம் போவது எப்படி

சி.ஓ.இ. கையெழுத்திட்ட உத்தரவு முதல்வர் அறை ஃபைலில் இருக்கும். அறைக் கண்காணிப்பாளரோ வேறு துறைக்காரர், அல்லது வேறு கல்லூரியிலிருந்து வந்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 10 மணிக்குத் தொடக்கம், 1 மணிக்கு பெல். பெல் அடித்ததும் விடைத்தாள் கட்டு கட்டி அனுப்புகிற அவசரம். கூடுதல் ஒரு மணி நேரம் அந்த இடத்தில்தான் பறிபோகிறது.

முதல் தேர்வுக்கு முந்தைய நாள் தேர்வு மையக் கண்காணிப்பாளரைப் பார்த்து மூன்றே கேள்வி கேளுங்கள். என் அறை எது? அந்த அறைக்கு 2 மணிவரை ஆள் போட்டிருக்கிறீர்களா? என் விடைத்தாள் தனிக் கட்டாகப் போகுமா? மறுநாள் உத்தரவின் நகல் ஒன்றை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வினாத்தாள் கொடுக்கும் முன்பே அறைக் கண்காணிப்பாளரிடம் காட்டிவிடுங்கள். 1 மணிக்கு வாதாடத் தொடங்கினால் அந்த வாதத்திலேயே பத்து நிமிடம் போய்விடும்.

காலையில் ரெகுலர், மதியம் அரியர் என்று ஒரே நாளில் இரண்டு தாள் வந்தால் கணக்கு இடிக்கும். காலைத் தேர்வு 2 மணிக்கு முடியும், மதியத் தேர்வு 2 மணிக்குத் தொடங்கும். கால அட்டவணை வெளிவந்த அன்றே இதைக் குறிப்பிட்டு சி.ஓ.இ.க்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். சாப்பாட்டு இடைவெளி விட்டு, வெளியே விடாமல் ஹாலிலேயே வைத்திருந்து மதியத் தேர்வைத் தள்ளித் தொடங்கலாம். முன்கூட்டிச் சொன்னால்தான் அதற்கு ஆள் போடுவார்கள்.

ஸ்க்ரைபைத் தேர்ந்தெடுப்பது

நீங்களே அழைத்து வரலாம், கல்லூரியைத் தரச் சொல்லவும் கேட்கலாம். கல்லூரி தரும் ஆளைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பார்க்கும் உரிமை 2018 நெறிகளிலேயே இருக்கிறது. நீங்கள் அழைத்து வருபவர் உங்களைவிட ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும் என்கிறது அதே நெறி. தகுதி விஷயத்தில் தேர்வு அமைப்புகள் இறுக்கம் காட்டுவதே வழக்கம். எனவே இரண்டு மூன்று ஆண்டு கீழே, வேறு பாடம் படிப்பவராகப் பார்ப்பதே பாதுகாப்பு. மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவருக்கு முதலாம் ஆண்டு வரலாறு படிப்பவர் பொருத்தம். பள்ளி மாணவரை நம்பினால் டிசம்பரில் அவருக்கும் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். பக்கத்துக் கலைக் கல்லூரியின் என்.எஸ்.எஸ். அலுவலரிடம் கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி: ஆளும் கிடைப்பார், மாற்று ஆளும் கிடைப்பார்.

தாளுக்கு ஒருவர் என்று வெவ்வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாம். ஒரே பாடத்துக்கு இருவர் கூடாது. அவசரத்தில் ஆளை மாற்றவும் இடமுண்டு, ஆகவே மாற்று ஆளின் போட்டோ, அடையாள அட்டை, கல்விச் சான்று நகலையும் முன்கூட்டியே படிவத்தோடு கொடுத்துவிடுங்கள்.

சொல்லி எழுத வைப்பது ஒரு தனிப் பயிற்சி

பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். வேறு பாடக்காரர் என்பதால் 'பெர்மிட்டிவிட்டி'யும் 'பெர்மியபிலிட்டி'யும் அவர் காதில் ஒன்றுபோலவே விழும். ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதல்முறை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், பிறகு "முன்னே எழுதின மாதிரியே" என்றால் போதும்.

கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். "எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் பிளஸ் 6 பை எக்ஸ் பிளஸ் 2" என்று ஒரே மூச்சில் சொன்னால் எது மேலே, எது கீழே என்று அவருக்குத் தெரியாது. 6ஐ மட்டும் வகுத்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "பின்னம் ஆரம்பம். மேலே: எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 5 எக்ஸ் பிளஸ் 6. கீழே: எக்ஸ் பிளஸ் 2. பின்னம் முடிந்தது." அடைப்புக்குறி திறப்பதையும் மூடுவதையும் சொல்லாமல் விடவே கூடாது. படம் என்றால் முதலில் பெட்டிகளின் எண்ணிக்கை, பிறகு இடமிருந்து வலமாகப் பெயர்கள், கடைசியில் அம்புக்குறிகள்.

நேரப் பங்கீட்டையும் பழைய வினாத்தாளை வைத்து ஒத்திகை பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாணித் தாளில் 10 இரண்டு மதிப்பெண், 5 பதின்மூன்று மதிப்பெண், 1 பதினைந்து மதிப்பெண் கேள்விகள். கையில் 240 நிமிடம். முதல் பகுதிக்கு 40, ஐந்து பெரிய கேள்விக்கு தலா 28 என்று 140, கடைசிக்கு 30. மீதி 30 நிமிடம் வினாத்தாளை வாசிக்கக் கேட்பதற்கும், எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வதற்கும். குறைந்தது இரண்டு முழுத் தாள் அதே ஸ்க்ரைபோடு உட்கார்ந்து பாருங்கள்.

வகுப்பறையில்

இன்டர்னலுக்கும் அதே விகிதம்தான்: 90 நிமிடத் தேர்வுக்கு 30, 45 நிமிடத் தேர்வுக்கு 15. கூடுதல் நேரம் 5இன் மடங்காக இருக்க வேண்டும். அடுத்த பீரியடில் இடிக்கும் என்பதால் கடைசிப் பீரியடிலோ உணவு இடைவேளைக்கு முன்போ வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் முதலிலேயே பேசுங்கள். லேபில் உதவியாளர் கேட்கலாம். என்ன இணைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல, அவர் செய்வார்.

குறிப்புகளை ஒலியாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் மட்டுமே. இலவசம், பென் டிரைவில் போர்ட்டபிளாக எடுத்துப்போய் எந்த லேப் கணினியிலும் ஓட்டலாம். ஆனால் ஆசிரியர் பாமினி எழுத்துருவில் தட்டிய நோட்ஸ் கொடுத்தால் 'தமிழ்' என்ற சொல்லை "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். யூனிகோடில், வேர்டு கோப்பாகக் கேளுங்கள். பழைய கோப்பு என்றால் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம். போட்டோ எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கிய நோட்ஸ் வெறும் படம், அதை ஓ.சி.ஆர். செய்யாமல் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றாமல்) எந்த மென்பொருளும் வாசிக்காது.

மறுத்தால்

வாய்ச்சொல்லாக மறுத்தால் "எழுத்தில் தாருங்கள் ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். பல நேரம் அங்கேயே அனுமதி வந்துவிடும். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கு உங்கள் கல்லூரி கொடுத்த சுயமதிப்பீட்டு அறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கும். ஸ்க்ரைப் வசதி உண்டு என்று அதில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். அடுத்தது மாணவர் குறைதீர்ப்புக் குழு. யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிப்பவர்) மேல்முறையீடு செய்யலாம். சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் இணையாக எழுதலாம். எல்லாவற்றிலும் அந்த முத்திரை போட்ட பிரதியை இணையுங்கள்.

பின்சேர்க்கை

தேர்வுக்கு முன் கை முறிந்தவர்கள் கேட்டிருந்தார்கள். மேலே சொன்ன நெறிகள் குறைபாட்டுச் சான்று உள்ளவர்களுக்கானவை. தற்காலிகக் காயத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த விதிதான் பொருந்தும். எக்ஸ்ரே, அரசு மருத்துவர் சான்று, ஸ்க்ரைபின் விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே முதல்வரைப் பாருங்கள். கடிதத்தில் எத்தனை வாரம் கட்டு இருக்கும் என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். எந்தெந்தத் தாளுக்கு அனுமதி என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.